முதியோருக்கான குழு அறிதிறன் பயிற்சி: யாருக்கு எது பொருந்தும்?

நினைவாற்றல், கவனம், திட்டமிடும் திறன், சொல் வளம் ஆகியவற்றைப் பேணுவதற்காக முதியோர் சிலர் ஓரிடத்தில் கூடி, பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில், குறிப்பிட்ட நாட்களில் மேற்கொள்ளும் முறையான செயல்பாடுகளே குழு அறிதிறன் பயிற்சி எனப்படுகின்றன. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் வாழும் முதியோருக்காகவும் அவர்களைப் பராமரிப்போருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும் பணியாற்றி ஓய்வுபெற்றோர் இப்பகுதிகளில் பலர் உள்ளனர். வேலை நாட்களில் ஒழுங்காக ஓடிய மனம், ஓய்வுக்குப் பின் பகல் முழுவதும் தொலைக்காட்சியின் முன் முடங்கிவிடுவதைப் பல குடும்பங்கள் கவலையோடு கவனிக்கின்றன. மறதி தென்பட்டதும், "ஏதாவது மூளைப் பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமா?" என்று கேட்கின்றன.

சேர்க்கலாம். ஆனால், நலமாக உள்ள முதியவருக்கான பயிற்சியும் டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் உள்ளவருக்கான குழுச் செயல்பாடும் ஒன்றல்ல. ஒருவருக்கு ஊக்கம் தரும் பயிற்சி மற்றவருக்கு அவமானமாக முடியலாம். எனவே, எந்தக் குழு என்று தேடுவதற்கு முன், மறதி எந்த நிலையில் உள்ளது என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

குழுவில் சேரும் முன் மருத்துவப் பரிசோதனை

மறதியாகத் தோன்றுவதெல்லாம் மூளை தேய்வதால் வருவதன்று. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோய், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவை நினைவையும் கவனத்தையும் மங்கச் செய்யக்கூடியவை. உறக்க மாத்திரைகள், ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள், சிறுநீரை அடக்க இயலாமைக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவையும் அவ்வாறே. இவற்றுள் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்ய இயலும். நீங்கள் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், மருந்துக் கடையில் தாமாக வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

காதையும் கண்ணையும் பரிசோதிப்பது அதே அளவு முக்கியமானது. சரியாகக் காதில் விழாத செய்தி நினைவில் பதிவதில்லை. பிறர் பார்வைக்கு அது மறதியாகத் தெரிகிறது. கண்புரை முற்றியவருக்குப் படம் காட்டிப் பயிற்சி அளிப்பதால் பயன் இல்லை. செவிப்புலன் குறைவும், சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் டிமென்ஷியாவுக்கான ஆபத்துக் காரணிகள் என்று 2024-இல் வெளியான லான்செட் ஆணைய அறிக்கை குறிப்பிடுகிறது. வாழ்நாள் முழுவதும் மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளை அது பட்டியலிடுகிறது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைபிடித்தல், உடலுழைப்பின்மை, தனிமை ஆகியவையும் அவற்றுள் அடங்கும்.

ஓர் எச்சரிக்கை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாட்களிலோ திடீரெனக் குழப்பம், பிதற்றல், மயக்க நிலை ஏற்பட்டால் அதை முதுமை மறதி என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள். நோய்த்தொற்று, உடலில் உப்பின் அளவு மாறுதல், மருந்தின் பக்கவிளைவு போன்றவை காரணமாக இருக்கலாம். உடனடி மருத்துவ உதவி தேவை. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். 108 எண்ணை உடனே அழையுங்கள்.

மறதியின் மூன்று நிலைகள்

மூக்குக்கண்ணாடியை எங்கு வைத்தோம் என்று தேடுவதும், தெரிந்தவரின் பெயர் சற்று நேரம் கழித்து நினைவுக்கு வருவதும் வயதின் இயல்பு. தாமும் குடும்பத்தினரும் உணரும் அளவுக்கு நினைவு குறைந்து, பரிசோதனையிலும் அது வெளிப்பட்டு, ஆனால் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ள முடியுமானால், மருத்துவர்கள் அதனை லேசான அறிதிறன் குறைபாடு என்பர். வங்கிக் கணக்கைக் கையாள்வது, சமைப்பது, பல ஆண்டுகள் சென்றுவந்த கடைத்தெருவிலிருந்து வீடு திரும்புவது போன்றவற்றுக்குப் பிறர் துணை தேவைப்படும் நிலையே டிமென்ஷியா. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர்.

எந்த நிலை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். அலைபேசியில் வரும் வினாத்தாளைக் கொண்டு நீங்களே முடிவுக்கு வர வேண்டாம்.

நலமாக உள்ளோருக்கான பயிற்சி

இதற்கு நன்கறியப்பட்ட சான்று அமெரிக்காவில் நடந்த 'ஆக்டிவ்' ஆய்வு. 1998-இல் தொடங்கிய இவ்வாய்வில், 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேர் பங்கேற்றனர். சிலருக்கு நினைவாற்றல் பயிற்சியும், சிலருக்குத் தர்க்கச் சிந்தனைப் பயிற்சியும், சிலருக்குக் கண்ணால் கண்டதை விரைந்து உணரும் பயிற்சியும் சிறு குழுக்களில் அளிக்கப்பட்டன. நான்காவது பிரிவினருக்குப் பயிற்சி இல்லை. ஐந்தாறு வாரங்களில் 10 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். பத்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தர்க்கச் சிந்தனையிலும் விரைந்து உணர்வதிலும் பயிற்சியின் பலன் ஓரளவு நிலைத்திருந்தது. நினைவாற்றல் பயிற்சியின் பலன் நிலைக்கவில்லை. எனினும், மூன்று பிரிவினருமே அன்றாட வேலைகளில் தங்களுக்குள்ள சிரமம், பயிற்சி பெறாதவர்களைவிடக் குறைவு என்று கூறினர்.

இவ்வாய்விலிருந்து நீங்கள் அறிய வேண்டியது, எதில் பயிற்சி பெறுகிறோமோ அதிலேயே தேர்ச்சி கூடுகிறது என்பதாகும். சுடோகு போடுபவர் சுடோகுவில் வல்லவர் ஆவார். அதனால் மட்டுமே மாத்திரை வேளை நினைவில் நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே, நல்ல பயிற்சியாளர் உங்கள் அன்றாடத் தேவையிலிருந்தே பயிற்சியைத் தொடங்குவார். கடையில் வாங்க வேண்டியவற்றை நினைவில் வைக்க, நன்கு பழகிய ஒரு பாதையை மனத்தில் நடந்து பார்க்கும் உத்தி ஓர் எடுத்துக்காட்டு. வீட்டு வாசலில் ரவை கொட்டிக் கிடக்கிறது, தெருமுனைப் பிள்ளையார் கையில் தீப்பெட்டி இருக்கிறது, பால் நிலையத்தின் மேல் தேங்காய் அடுக்கியிருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணம் எவ்வளவு வேடிக்கையாக இருக்கிறதோ அவ்வளவு நன்றாகப் பதியும்.

பயிற்சியுடன் உடல்நலமும் சேரும்போது பலன் கூடுகிறது. 2015-இல் வெளியான பின்லாந்து நாட்டின் 'ஃபிங்கர்' ஆய்வில், 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேர் பங்கேற்றனர். இரண்டு ஆண்டுகள் உணவு முறை, உடற்பயிற்சி, அறிதிறன் பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்றவர்கள், பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அறிதிறன் சோதனைகளில் மேம்பட்டிருந்தனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நலமாக உள்ள முதியோருக்கும் லேசான அறிதிறன் குறைபாடு உள்ளோருக்கும் அறிதிறன் பயிற்சி அளிக்கலாம் என்கிறது. அதேவேளை, சான்றின் வலு குறைவு என்றும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. காலை நடைப்பயிற்சியையும் இரத்த அழுத்த மாத்திரையையும் கைவிட்டு வகுப்புக்கு மட்டும் செல்வது சரியான வழியன்று.

டிமென்ஷியா உள்ளோருக்கான குழு

டிமென்ஷியா உறுதி செய்யப்பட்டவருக்கு, மேலே கூறிய வகையில் மனப்பாடமும் சோதனையும் கொண்ட பயிற்சியை நாடாதீர்கள். இங்கிலாந்தின் 2018-ஆம் ஆண்டு தேசிய மருத்துவ வழிகாட்டுதல், லேசான அல்லது மிதமான அல்சைமர் நோய்க்குச் சிகிச்சையாக அறிதிறன் பயிற்சியை அளிக்க வேண்டாம் என்றும், லேசான, மிதமான டிமென்ஷியா உள்ளோருக்குக் குழுவாக மேற்கொள்ளும் அறிதிறன் தூண்டல் சிகிச்சையை வழங்கலாம் என்றும் இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் கூறுகிறது.

அறிதிறன் தூண்டல் சிகிச்சை இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டர் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் வகுத்த முறையாகும். ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழு. வாரம் இருமுறை, ஏழு வாரங்கள், மொத்தம் 14 அமர்வுகள். ஒவ்வோர் அமர்வும் 45 நிமிடம். 201 பேரிடம் நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஆய்வில், இதில் பங்கேற்றவர்களின் அறிதிறனும் வாழ்க்கைத் தரமும் பங்கேற்காதவர்களைவிட மேம்பட்டிருந்தன. அறிதிறனில் கண்ட முன்னேற்றம், அந்நாளில் டிமென்ஷியாவுக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் பலனுடன் ஒப்பிடத்தக்கதாக இருந்தது.

இம்முறை சென்னைக்குப் புதிதன்று. அண்ணா நகர் மேற்கு விரிவுப் பகுதியில் இயங்கும் ஸ்கார்ஃப் எனப்படும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், டாக்டர் சாரதா மேனன் அவர்களால் 1984-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள டிமென்ஷியா சிகிச்சைக் குழுவினர் இம்முறையை இந்தியப் பண்பாட்டுக்கேற்ப மாற்றியமைத்துச் சோதித்த முன்னோடி ஆய்வு 2017-இல் வெளியானது. பின்னர் இந்தியா, பிரேசில், தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் இச்சிகிச்சையைப் பரவலாக்கும் பன்னாட்டுத் திட்டத்தில் சென்னையும் இடம்பெற்றது. அம்பத்தூர், பாடி, கொரட்டூர் பகுதியினருக்கு இந்நிறுவனம் அருகிலேயே உள்ளது. குழு நடைபெறும் நாள், கட்டணம், காலியிடம் ஆகியவற்றை நேரில் அல்லது தொலைபேசியில் கேட்டறிந்தபின் அழைத்துச் செல்லுங்கள்.

ஓர் அமர்வு எவ்வாறு நடைபெறும்?

ஒவ்வோர் அமர்வும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இயன்றவரை அதே நபர்களுடன் நடைபெறும். குழுவினர் தங்களுக்கென ஒரு பெயரும் ஒரு பாட்டும் தாமே தேர்ந்தெடுத்துக்கொள்வர். வந்தவுடன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்பர். கரும்பலகையில் நாள், கிழமை, இடம், குழுவின் பெயர் எழுதப்பட்டிருக்கும். மென்மையான பந்து ஒன்றை ஒருவருக்கொருவர் எறிந்து பிடிக்கும் சிறு விளையாட்டு நடக்கும். அன்றைய நாளிதழிலிருந்து ஒரு செய்தி பேசப்படும். பின்னர் அன்றைய தலைப்பு: உணவு, இளமைக்காலம், ஒலிகள், பணம், எண் விளையாட்டு, சொல் விளையாட்டு, பொருள்களை வகைப்படுத்துதல் என்று தலைப்பு அமர்வுக்கு அமர்வு மாறும்.

இதன் அடிப்படை விதி, நினைவைச் சோதிக்காமல் கருத்தைக் கேட்பதாகும். மண்சட்டியையும் குக்கரையும் மேசையில் வைத்து, "இதில் வைத்த மீன்குழம்பு ருசியா, அதில் வைத்ததா?" என்று கேட்டால் தவறான விடை என்று ஒன்றும் இல்லை. எல்லோரும் பேசலாம், வாதிடலாம், சிரிக்கலாம். பேசும்போதே சொற்கள் தேடப்படுகின்றன, காரணங்கள் கோக்கப்படுகின்றன, அடுத்தவர் சொன்னது கவனிக்கப்படுகிறது. பயிற்சி அங்கேதான் நடக்கிறது. மாறாக, "நேற்று என்ன சமைத்தீர்கள்?" என்று கேட்டால், விடை தெரியாதவர் தலைகுனிந்து அமைதியாகிவிடுவார், அடுத்த அமர்வுக்கு வர மறுப்பார்.

பணம் பற்றிய அமர்வில் பழைய காசுகளைக் கையில் கொடுப்பது நம் ஊருக்கு நன்கு பொருந்துகிறது. இந்தியாவில் தசம நாணயம் 1957-இல் வந்தது. அதற்கு முந்தைய அணாக் காசையும், 2011-இல் செல்லாததான 25 காசையும் தொட்டுப் பார்த்து, அன்று இதற்கு என்ன வாங்கலாம், இன்று 50 ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்று பேச்சு நகரும். பழைய நினைவு வாசல் மட்டுமே. பேச்சை இன்றைய நாளுக்குக் கொண்டுவருவது வழிகாட்டியின் வேலை.

பள்ளிப் படிப்பு இல்லாத முதிய பெண்கள் பலர் இக்குழுக்களுக்கு வருவர். எழுத்துப் பயிற்சியைக் கொடுத்தால் அவர்களுடைய மறதி அன்று, படிப்பின்மையே அளக்கப்படும். பல்லாங்குழி, தாயம், விடுகதை, பாட்டுக்குப் பாட்டு, புள்ளிக் கோலம் ஆகியவற்றில் எழுத்தறிவு தேவையில்லாமலே எண்ணிக்கை, திட்டமிடல், சொல் தேடல் அனைத்தும் உள்ளன. தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் குடும்பங்களும் ஆவடி, அம்பத்தூர் பகுதிகளில் வாழ்கின்றன. டிமென்ஷியா முற்றும்போது பலர் பின்னாளில் கற்ற மொழியை விட்டுத் தாய்மொழிக்குத் திரும்புவதுண்டு. குழுவில் அவர் மொழி அறிந்தவர் ஒருவராவது இருப்பது நல்லது.

வீட்டிலேயே செய்தால் போதாதா?

நியாயமான கேள்வி. பராமரிப்பவரே வீட்டில் வாரம் மூன்று முறை, அரைமணி நேரம், 25 வாரங்கள் இதே செயல்பாடுகளைச் செய்யும் முறையும் இங்கிலாந்தில் 356 இணையரிடம் சோதிக்கப்பட்டது. 2015-இல் வெளியான அதன் முடிவில், டிமென்ஷியா உள்ளவரின் அறிதிறனிலோ வாழ்க்கைத் தரத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. ஆனால் இருவருக்கும் இடையிலான உறவு மேம்பட்டதாக நோயர்கள் உணர்ந்தனர். பராமரிப்பவரின் வாழ்க்கைத் தரமும் சற்று உயர்ந்தது. உறவு மேம்படுவது சிறிய பலனன்று. எனினும், பலர் கூடிப் பேசும் சூழல் தரும் தூண்டுதலை வீட்டில் ஒருவரே தந்துவிட முடியும் என்று எதிர்பார்த்து உங்களை வருத்திக்கொள்ள வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விருந்தினர் வந்ததும் "நான் யாரென்று தெரிகிறதா?" என்று கேட்பது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் கேட்கப்படும் இக்கேள்வி டிமென்ஷியா உள்ளவரைப் பெரிதும் கூச்சமடையச் செய்கிறது. "அம்மா, நான் உங்கள் தங்கை மகன், பட்டாபிராமிலிருந்து வந்திருக்கிறேன்" என்று தாமே சொல்லிவிடும்படி வருவோரிடம் முன்கூட்டியே கூறுங்கள்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போதும் நடத்தும்போதும்

குடியிருப்போர் நலச் சங்கங்களும் ஓய்வுபெற்றோர் சங்கங்களும் நலமாக உள்ள முதியோருக்கான குழுக்களைத் தாமே நடத்தலாம். டிமென்ஷியா உள்ளோருக்கான குழுவைப் பயிற்சி பெற்றவரின்றி நடத்தக் கூடாது. இரு பிரிவினரையும் ஒரே வட்டத்தில் அமர்த்துவதும் சரியன்று. விரைந்து விடை சொல்பவர்கள் அருகில் அமர்ந்திருப்பதே மற்றவர்களை ஊமையாக்கிவிடும்.

தரைத்தளத்தில் கூடம், அருகிலேயே கழிப்பறை, கைப்பிடியுள்ள நாற்காலி, மின்விசிறியின் இரைச்சல் இல்லாத அமைதி ஆகியவை இன்றியமையாதவை. ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் ஏறும் முன்பே அமர்வை முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் பகுதிகளின் தாழ்வான தெருக்களில் நீர் தேங்குவது நீங்கள் அறிந்ததே. தொடர்ச்சியே இப்பயிற்சியின் உயிர் என்பதால், ஏழு வாரத் தொடரை அக்டோபரில் தொடங்குவதைவிட ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்குவது நல்லது.

பதினான்கு முறை சென்று வருவது குடும்பத்துக்குச் சுமைதான். ஒரே பகுதியிலிருந்து வரும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ அமர்த்திக்கொண்டால் செலவும் குறையும்; ஒவ்வொரு முறையும் நீங்களே விடுப்பு எடுக்க வேண்டியதும் இராது. அமர்வு நடக்கும் நேரத்தில் அருகில் அமர்ந்து விடை எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்த 45 நிமிடம் உங்களுக்கான ஓய்வு. தொடர் முடிந்தபின் வாரம் ஒருமுறை என 24 வாரங்கள் தொடர்ந்தோருக்கு, ஆறு மாத முடிவில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்ததை மற்றோர் ஆய்வு காட்டியது. ஆகவே, தொடர் முடியும் முன்பே அடுத்து என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்.

வீண் வாக்குறுதிகள்

எந்தக் குழுப் பயிற்சியும் டிமென்ஷியாவைக் குணப்படுத்தாது. மருத்துவர் எழுதிய மருந்துக்கு மாற்றும் ஆகாது. "மறதியைத் தடுக்கும்" என்று உறுதி கூறி முன்பணம் கேட்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மூளைப் பயிற்சிச் செயலியான லூமோசிட்டியை நடத்திய நிறுவனம், முதுமைக்கால அறிதிறன் குறைவைத் தடுக்கும் என்று போதிய சான்றின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியதைத் தொடர்ந்து, 2016-இல் 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. செயலி விளையாடுவதில் தீங்கு இல்லை. அதற்கெனச் செலவிடும் பணத்தில் காது கேட்கும் கருவி வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பயிற்சிக்குச் சென்ற நாட்களில் முதியவர் எரிச்சலுடன் திரும்பினாலோ, உறங்காமல் தவித்தாலோ, செல்ல மறுத்து அழுதாலோ வற்புறுத்தாதீர்கள். வழிகாட்டியிடம் கூறி, குழுவையோ நேரத்தையோ மாற்றிப் பாருங்கள்.

எங்கு அணுகலாம்?

அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலமாகவும் சென்னை மாவட்டத்திலும் உள்ளது. ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூவிருந்தவல்லி நகராட்சி, இவ்விரண்டும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. எனவே மேல்சிகிச்சைக்கான பரிந்துரை உங்கள் முகவரியைப் பொறுத்து வெவ்வேறு மருத்துவமனைக்குச் செல்லலாம். எவ்வாறாயினும், தொடக்கம் உங்கள் வீட்டருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமே. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் மறதி பற்றிக் கூறலாம். அவர் மருத்துவருக்குத் தெரிவிப்பார். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரைச் சந்திக்கும் நாளைச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மருத்துவமனையில் முதியோருக்கான சிறப்பு மருத்துவம் கிடைக்கிறது.

மருத்துவ ஆலோசனைக்கு 104, மனநல ஆலோசனைக்கு 'டெலிமானஸ்' 14416, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். அழைக்கும் முன், மறதி எப்போது தொடங்கியது, எந்த வேலைகளில் தடுமாற்றம், என்னென்ன மருந்துகள் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முதல்முறை மருத்துவரிடம் செல்லும்போது, அவருடன் அன்றாடம் வசிக்கும் ஒருவர் உடன் செல்வது அவசியம்.